துரை கப்பலில், துரைசானி கிடையில்

ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்று ஜான் மெக்கார்தரைச் சொல்வார்கள். தந்தைதான், மறுப்பதற்கில்லை. பல வீடுகளில் தந்தைமார் இருக்கிற மாதிரியே இருந்தார்: பெயர் வைக்கும்போது முன்வரிசையில், பிள்ளை வளரும்போது ஊரிலேயே இல்லை. மெரினோ ஆடு அந்தக் கண்டத்தில் காலூன்றிய வருஷங்களில், அதாவது 1801 முதல் 1805 வரையும், மறுபடி 1809 முதல் 1817 வரையும், மனுஷர் ஒன்று கப்பலில் இருந்தார், இல்லையென்றால் லண்டனில் இருந்தார். வேண்டிக்கொண்டு போன யாத்திரையும் அல்ல. முதல் தடவை மேலதிகாரியைச் சுட்டுவிட்டுப் போனார். இரண்டாம் தடவை கவர்னரைக் கவிழ்த்துவிட்டுப் போனார். கிடையைப் பார்த்துக்கொண்டது அவருடைய சம்சாரம் எலிசபெத்.

ஜான் துணிக்கடைக்காரர் மகன். எலிசபெத் இங்கிலாந்தின் டெவன் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பெண். இருவரில் யாருக்கு ஆட்டின் முன்பக்கம் பின்பக்கம் தெரிந்திருக்கும் என்பதைக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1788-ல் கல்யாணம். அடுத்த வருஷமே நியூ சவுத் வேல்ஸ் பட்டாளத்தில் உத்தியோகம் என்று மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கைதிகள் போகிற கப்பலில் ஏறினார். கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் கேப்டனோடு வாய்த்தகராறு. இருவரும் கரையிறங்கித் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை, மானச்சேதமும் இல்லை. அந்தக் கேப்டனை மாற்றி வேறொருவரைப் போட்டார்கள், அவரோடும் தகராறு. கடைசியில் நடுக்கடலில் குடும்பத்தோடு வேறு கப்பலுக்கே மாறிக்கொண்டார்கள். வழியில் எலிசபெத்துக்குப் பிறந்த பெண்குழந்தை தக்கவில்லை. 1790-ல் சிட்னி வந்து இறங்கியபோது ஊரே பட்டினி கிடந்தது.

அன்றைய சிட்னியில் இருந்தவை மூன்று: கைதிகள், சிப்பாய்கள், ரம். கப்பலில் வருகிற சரக்கைப் பட்டாள அதிகாரிகள் மொத்தமாக மடக்கிச் சில்லறையில் விற்பார்கள். கூலியைக்கூட ரம்மாகக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் கணக்கு வழக்கு தெரிந்த, வாய்த்துடுக்கான ஒரு இளம் அதிகாரி முன்னுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1793-ல் பரமட்டாவில் அவருக்கு 100 ஏக்கர் மானியம் கிடைத்தது. பண்ணைக்கு ‘எலிசபெத் பண்ணை’ என்று பெண்டாட்டி பெயரையே வைத்தார். அவர் செய்த காரியங்களிலேயே உள்ளது உள்ளபடி செய்தது இது ஒன்றுதான். அந்த வீடு இன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டியவற்றில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடம்.

அந்தக் காலத்தில் ஆடு என்றால் அங்கே கறி. கம்பளியைப் பற்றி எவனும் கவலைப்படவில்லை. 1794 வாக்கில் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் 60 செம்மறிகளை மெக்கார்தர் வாங்கினார். நம் ஊர் வெயிலுக்குப் பிறந்த ஜீவன்கள், உடம்பில் இருந்தது கம்பளி அல்ல, முரட்டு மயிர். அவற்றைச் சில அயர்லாந்து ஆடுகளோடு சேர்த்து விட்டதில், பிறந்த குட்டிகளின் மேல் மயிரும் கம்பளியும் கலந்து முளைத்தன. அதைப் பார்த்த பிறகுதான் தனக்கு யோசனை தட்டியது என்று பிற்பாடு மெக்கார்தரே சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியக் கம்பளிச் சரித்திரத்தில் வங்காளத்து ஆட்டுக்கு உள்ள பங்கு இவ்வளவு. சிலை கேட்க ஆள் இல்லை.

மெரினோ பூர்வீகத்தில் ஸ்பெயின் ஆடு. ஸ்பெயினில் அது ஆடு அல்ல, அரசாங்கம். 1273-ல் பத்தாம் அல்போன்ஸோ ராஜா ஆட்டுக்காரர்களின் ‘மெஸ்தா’ என்ற சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தார். வெயில் காலத்தில் வடக்கே மலைக்கும், குளிர் காலத்தில் தெற்கே சமவெளிக்கும் லட்சக்கணக்கில் ஆடுகள் நடந்துபோகும். அவை போக முக்கால் பர்லாங்கில் பாதி அகலத்துக்கு, ஏறத்தாழ 75 மீட்டர், ராஜபாட்டை. ஆடு வருகிற வழியில் குடியானவன் வேலி போடக்கூடாது, உழக்கூடாது, முணுமுணுக்கலாம். நம் பக்கத்தில் கிடை போடுவதற்குக் கீதாரிக்கு நாம் காசு கொடுக்கிறோம். அங்கே ஆட்டுக்காரன் ராஜாவுக்குக் காசு கொடுத்தான், ராஜா குடியானவனை அடக்கினார், ஆடு இருவர் வயிற்றையும் நிரப்பியது. உயிருள்ள மெரினோ ஒன்றுகூட நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். போனால் தலை போகும் என்று பேச்சு.

சட்டம் எல்லாம் குடிமக்களுக்குத்தானே. 1765-ல் ஸ்பெயின் ராஜா தன் பெண்டாட்டி வீட்டாருக்கு, சாக்ஸனிக்கு, 300 ஆடுகளை அன்பளிப்பாக அனுப்பினார். 1786-ல் பிரான்ஸின் பதினாறாம் லூயிக்கு 300க்கு மேல் கொடுத்தார். லூயி அவற்றை ராம்பூயே பண்ணையில் விட்டார். சில வருஷத்தில் லூயியின் தலை போயிற்று, ஆடுகள் அப்படியே இருந்தன. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜுக்குக் கேட்கக் கூச்சம் போலிருக்கிறது. போர்ச்சுகல் வழியாகச் சில்லறை சில்லறையாகக் கடத்திக்கொண்டுவரச் சொன்னார். அந்த மகத்தான திருட்டுக்கு மேஸ்திரி யாரென்றால் ராயல் சொசைட்டியின் தலைவர், தாவரவியல் மேதை ஜோசப் பேங்க்ஸ். பல மந்தைகளிலிருந்து பொறுக்கியதில் தரம் சரியாக அமையவில்லை. கடைசியில் ஒரு ஸ்பெயின் சீமாட்டி நல்ல மந்தையிலிருந்து ஆடுகள் கொடுக்க, ஜார்ஜ் மன்னர் பதிலுக்கு எட்டு வண்டிக் குதிரைகளை அனுப்பினார். வல்லரசுகள் ரகசியமாகச் செய்த காரியம், கூட்டிக் கழித்துப் பார்த்தால், சந்தையில் நடக்கிற மாற்று வியாபாரம்.

நம் கதைக்கு வேண்டியது டச்சுக்காரர்களின் ஆடு. 1789-ல் ஸ்பெயின் ராஜா அவர்களுக்கு இரண்டு கிடாவும் நாலு பெட்டையும் கொடுத்தார். ஹாலந்தின் ஈரத்தில் அவற்றுக்கு ஆகவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டாளத் தலைவர் ராபர்ட் ஜேக்கப் கோர்டன் அவற்றை நன்றாக வளர்த்தார், ஆடுகளும் குட்டி போட்டுப் பெருகின. அப்போது, கொடுத்த ஆட்டைத் திருப்பி அனுப்பு என்று உத்தரவு வந்தது. கோர்டன் நாணயஸ்தர். வந்த ஆறையும் எண்ணித் திருப்பி அனுப்பினார். குட்டிகளைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லையாதலால் அவை அங்கேயே நின்றுகொண்டன. 1795-ல் ஆங்கிலேயர் கேப்பைப் பிடித்தபோது அந்த அவமானம் தாங்காமல் கோர்டன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மந்தையை விற்க வேண்டியதாயிற்று.

சிட்னியிலிருந்து மாடு வாங்க வந்த இரண்டு கப்பல்களின் கேப்டன்கள் வாட்டர்ஹவுஸும் கென்ட்டும். சர்க்கார் பணத்தில் இந்தச் சின்ன ஆடுகளை வாங்க அதிகாரிக்கு மனம் வரவில்லை. கறி பார்த்து ஆடு வாங்குகிறவன் கண்ணுக்கு மெரினோ தோலும் எலும்புமாகத்தான் தெரியும். கேப்டன்கள் இருவரும் சொந்தக் காசைப் போட்டு 26 ஆடுகளை வாங்கி ஏற்றினார்கள். வழியில் பாதி செத்து, மீதி 1797-ல் சிட்னியில் இறங்கின. எல்லாவற்றையும் எனக்கே கொடுத்தால் ஆட்டுக்கு 15 கினி தருகிறேன் என்றார் மெக்கார்தர். வாட்டர்ஹவுஸ் மறுத்துவிட்டு நாலு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். பங்கு கிடைத்தவர்களில் சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியாரும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாள் மாஜிஸ்ட்ரேட்டாக உட்கார்ந்து சாட்டையடித் தீர்ப்பு. ஆட்டு வளர்ப்பில் மட்டும் மகா கருணை, மெக்கார்தருக்குச் சளைத்தவர் அல்ல. பின்னால் தன் கம்பளியில் நெய்த துணியில் கோட்டுத் தைத்துக்கொண்டு லண்டன் போய் மூன்றாம் ஜார்ஜுக்குக் காட்ட, மன்னர் மகிழ்ந்து மெரினோ ஆடுகளைப் பரிசளித்தார். தந்தைப் பட்டம் பாதிரியாருக்குப் போகாதது அதிர்ஷ்டக் குறைவுதான்.

கம்பளிக்கு ஏன் இத்தனை பாடு என்றால், கணக்கு எளிது. சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கப்பல் போக ஐந்தாறு மாதம். கறி கெட்டுப்போகும். தானியத்தில் எலி விழும், விற்ற காசு கப்பல் கூலிக்கே பத்தாது. கம்பளியை அழுத்தி மூட்டை கட்டிவிட்டால் அழுகாது, உடையாது, விலையோ ராத்தலுக்கு ஷில்லிங் கணக்கில். உலகத்தின் கோடியில் இருக்கிற ஊரிலிருந்து அந்தக் காலத்தில் லாபத்தோடு அனுப்பக்கூடிய சரக்கு வேறு அதிகமில்லை. இதை மெக்கார்தர் புரிந்துகொண்டார். அந்த மூளையை யாரும் குறைசொல்ல முடியாது.

அந்த மூளைக்குப் பக்கத்திலேயே கோபமும் குடியிருந்ததுதான் வினை. 1801-ல் தன் கர்னல் பேட்டர்சனோடு சண்டைபோட்டு அவர் தோளில் சுட்டார். இவனை இங்கே விசாரிக்க முடியாது, நடுவர்கள் எல்லாம் இவன் கூட்டாளிகள் என்று கவர்னர் கிங் அவரைக் கைதியாக லண்டனுக்கு அனுப்பினார். கூடவே குற்றச்சாட்டு எல்லாம் எழுதி ஒரு பெட்டியில் பூட்டி அனுப்பினார். காலனியில் பாதி ஏற்கெனவே இவனுடையது, மீதியும் சீக்கிரம் போய்விடும் என்று புலம்பினவர் அவர். லண்டனில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பழைய செய்தித்தாள்கள்தான் இருந்தன என்று சொல்வார்கள்.

மெக்கார்தர் போன கப்பல் புயலில் பாய்மரம் ஒடிந்து, இப்போதைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் ஒதுங்கியது. அங்கே சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு இளம் ஆங்கில அதிகாரிக்கு இவர் யோசனை சொல்லி உதவினார். அந்தப் பையனின் அப்பா இளவரசரின் வைத்தியர்! சிலருக்குக் கப்பல் உடைந்தாலும் அரண்மனை வாசலில்தான் உடையும். லண்டனில் இறங்கிய நேரத்தில் நெப்போலியன் தயவில் ஸ்பெயின் கம்பளி கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஆலைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கைதியாகப் போனவர் பையிலிருந்து கம்பளி மாதிரியை எடுத்துக் காட்டினார். உங்களுக்கு வேண்டியதை நான் தருகிறேன், நிலமும் ஆளும் மட்டும் கொடுங்கள் என்றார். மந்திரி கேம்டன் பிரபு 5,000 ஏக்கர் கொடுத்தார், சரியாகச் செய்தால் இன்னொரு 5,000 என்று வாக்கும் கொடுத்தார். சுட்டதற்குத் தண்டனை என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். பட்டாள வேலையை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

1804 ஆகஸ்ட் 15 அன்று கியூ தோட்டத்தில், சீன பாணிக் கோபுரத்துக்குப் பக்கத்தில், மன்னரின் மெரினோக்கள் ஏலம் போயின. மெக்கார்தர் கிடாக்களை எடுத்தார். பக்கத்தில் நின்ற பேங்க்ஸ், ஆட்டை இங்கிலாந்தை விட்டு வெளியே கொண்டுபோவது பழைய சட்டப்படி குற்றம், தெரியுமல்லவா என்று நினைவூட்டினார். ஸ்பெயினிலிருந்து அதே ஆட்டைக் கடத்திவந்தவர் வாயால் வந்த நியாயம் இது. தனி அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. ஊர் திரும்பிய கப்பலுக்குப் பெயர் ‘ஆர்கோ’. கிரேக்கப் புராணத்தில் தங்க ஆட்டுத்தோலைத் தேடிப்போன கப்பலின் பெயர். முகப்பில் தங்க ரோமச் சின்னம். அடக்கம் என்ற சொல் அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம்தான் இருந்தது, அவர் பரமட்டாவில் இருந்தார்.

அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? 1804 மார்ச்சில் கைதிகள் கலகம் செய்தார்கள். உன் வீட்டுக்குத்தான் முதலில் தீ வைப்பார்களாம் என்று சேதி வர, குழந்தைகளை அள்ளிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் சிட்னிக்குப் போனார். கலகம் அடங்கியதும் திரும்பி வந்து ஆட்டை எண்ணினார்.

கேம்டன் பிரபு கொடுத்த புது நிலம், பின்னால் கேம்டன் பண்ணை, ‘பசு மேய்ச்சல்’ என்று பெயர்பெற்ற இடத்தில். முதல் கப்பல் கூட்டத்தில் வந்த சில மாடுகள் காட்டுக்குள் ஓடிப்போய், ஏழு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் புல்வெளியில் பெரிய மந்தையாகி நின்றன. நல்ல புல் எங்கே என்று அதிகாரிகளுக்கு முன்னால் கண்டுபிடித்தவை ஓடுகாலி மாடுகள். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் தாராவல் மக்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஏறத்தாழ நாலு வருஷம் துரை வீட்டில் இருந்தார். அதற்குள் வில்லியம் பிளை கவர்னராக வந்து சேர்ந்தார். ஆம், ‘பவுண்டி’ கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து சிறு படகில் இறக்கிவிட்டார்களே, அதே பிளை. ஆட்டைப் பற்றி மெக்கார்தர் பேச்செடுக்க, உன் ஆட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் எரிந்துவிழுந்தாராம், மெக்கார்தர் சொன்னது. அப்புறம் சாராயம் காய்ச்சும் கொப்பரை விவகாரம், கப்பல் ஜாமீன் விவகாரம், கைது. 1808 ஜனவரி 26 அன்று பட்டாளம் பேண்டு வாத்தியத்தோடு போய்க் கவர்னரைப் பிடித்தது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தவரை வெளியே இழுத்தார்கள் என்று படம்கூட வரைந்து ஊருக்குக் காட்டினார்கள். பிளை கடைசிவரை மறுத்தார். கட்டிலுக்கு அடியிலோ மேலேயோ, கவர்னர் பதவி போயிற்று. மெக்கார்தர் காலனியின் செயலாளரானார்.

விளைவு, 1809-ல் மறுபடி கப்பல். இங்கிலாந்தில் அவர்மேல் கைவைக்க வழியில்லை. ஆனால் சிட்னியில் கால்வைத்தால் கைது என்று உத்தரவு. நான் செய்தது தப்பு என்று ஒரு வரி எழுதிக்கொடுத்திருந்தால் சீக்கிரமே திரும்பியிருக்கலாம். எழுதவில்லை. எட்டு வருஷம்.

அந்த எட்டு வருஷம்தான் கம்பளியின் நிஜமான கதை. வேலி கிடையாது. முந்நூறு முந்நூறாகப் பிரித்த மந்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதி மேய்ப்பன், அவர்களில் பலர் லண்டனில் பையறுத்துப் பிழைத்தவர்கள், ஆட்டைத் தட்டில்தான் பார்த்தவர்கள். ராத்திரியில் பட்டி அடைத்து, பக்கத்தில் மரப்பெட்டி மாதிரிக் குடிசையில் காவல். டிங்கோ நாய் ஒரு பக்கம், சொறி ஒரு பக்கம். அசல் மெரினோவைக் கலப்பு மந்தையிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும். ஒரு கிடா தாண்டி வந்துவிட்டால் பத்து வருஷப் பொறுக்கல் பாழ். காயடித்த ஆடுகளை நாலைந்து தடவை கம்பளி கத்தரித்த பிறகு சர்க்கார் கிடங்குக்குக் கறியாக விற்பது. பண்ணையில் கையில் புரண்ட காசு அந்தக் கறிக் காசுதான். கம்பளிக் காசு லண்டனில் துரையின் கைக்குப் போயிற்று. கத்தரிப்பதற்கு முன் ஆடுகளை ஆற்றில் இறக்கிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் லண்டனில் அழுக்குக்கு விலை குறைப்பார்கள்.

துரை சும்மா இருக்கவில்லை, கடிதம் எழுதினார். யோசனை, கண்டிப்பு, உடம்பு சரியில்லை, கம்பளியில் அழுக்கு, எல்லாம் வரும். ஒரு கடிதம் போய்ச் சேர அரை வருஷம், பதில் வர அரை வருஷம். கிடாவை எப்போது சேர்க்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தால், பதில் வருவதற்குள் குட்டி பிறந்து பாலும் மறந்திருக்கும். எலிசபெத் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. 1810-ல் கவர்னர் மக்குவாரி சுற்றுப்பயணம் வந்தபோது கேம்டனில் அந்த அம்மாளைப் பார்த்தார். பெரிய பண்ணைக்காரி ஒரு அற்பக் குடிசையில் தங்கிக்கொண்டு மந்தையை மேற்பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். விவசாயத்தில் செய்த அபிவிருத்திக்காக அவருக்கு 600 ஏக்கர் மானியமும் கொடுத்தார். புருஷனுக்கு வாரண்ட், பெண்சாதிக்கு மானியம், இரண்டும் ஒரே சர்க்கார்.

இதே வருஷங்களில் வறட்சி வந்தது, ஆடும் பூர்வகுடி மனிதரும் ஒரே தண்ணீருக்கு வந்தார்கள். 1814-ல் கேம்டனில் பண்ணையாட்கள் கொல்லப்பட்டார்கள். 1816 ஏப்ரலில் மக்குவாரி அனுப்பிய சிப்பாய்கள் ஆப்பின் என்ற ஊருக்கு அருகே பெண்கள், குழந்தைகள் உட்படப் பூர்வகுடிகளில் குறைந்தது 14 பேரைக் கொன்றார்கள். இந்தக் கம்பளியைக் கழுவ ஆறு போதாது.

1817-ல் துரை திரும்பினார், பொதுக்காரியத்தில் தலையிடுவதில்லை என்ற நிபந்தனையோடு. அந்த வாக்குறுதியை எப்படிக் காப்பாற்றியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். 1822-ல் லண்டனில் கலைகளை ஊக்குவிக்கும் சங்கம் கம்பளிக்காகத் தங்கப் பதக்கங்கள் கொடுத்தது. வாங்கிக்கொண்டவர் பெயர் ஜான் மெக்கார்தர். கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்து, மனைவியையே சந்தேகப்பட்டு வீட்டைவிட்டு விலக்கினார். 1834-ல் இறந்தார். எலிசபெத் இன்னும் 16 வருஷம் இருந்தார்.

அந்த 16 வருஷத்தில் தமாஷ் ஒன்று நடந்தது. 1840-களில் கம்பளி விலை விழ, ஆடு மலிந்து சில பென்ஸுக்கும் கேட்பாரில்லை. குளிர்பதனம் வருவதற்கு இன்னும் நாற்பது வருஷம். அத்தனை கறியைத் தின்ன ஊரில் வாய் இல்லை. 1843-ல் யாஸ் ஊர்க்காரர் ஹென்றி ஓ’பிரையன் ஆட்டை முழுசாகக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சிக் கொழுப்பு எடுத்தார். மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் லண்டனில் நல்ல விலை. உயிரோடு விற்றதைவிடப் பல மடங்கு காசு. ராஜாக்கள் கடத்தி, கர்னல்கள் பதுக்கி, ஏலத்தில் சண்டைபோட்டு வாங்கிய வம்சம் கடைசியில் சோப்பு!

இன்றைய ஆஸ்திரேலிய மெரினோக்களில் பெரும்பாலானவை கேம்டன் வம்சம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1858-ல் வாங்கனெல்லா பண்ணைக்கு வந்த பெப்பின் குடும்பம், பெரிய சட்டகமுள்ள பெட்டைகளோடு ராம்பூயே கிடாவையும் சேர்த்து, வறண்ட சமவெளிக்குத் தாங்குகிற வேறு மாதிரி ஆட்டை உண்டாக்கியது. லூயியின் ஆடு, அவர் தலை போன பிறகும் ஜெயித்தது. கேம்டனிலிருந்து 1820-ல் 300 கிடாக்குட்டிகள் தாஸ்மேனியா போயின, கணிசமானவை கடலிலேயே முடிந்தன. தாஸ்மேனிய மெரினோ என்ற பெயர் பிறகு நம் நீலகிரியிலும் கேட்டது. 19-ஆம் நூற்றாண்டில் உதகையின் துரைமார் கோயம்புத்தூர் ஆட்டோடு அதையும் செவியட், சவுத் டவுனையும் கலந்ததில் வந்ததுதான் நீலகிரி செம்மறி. சாண்டிநல்லா பண்ணையில் இன்றும் பார்க்கலாம்.

1966-ல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது இரண்டு டாலர் நோட்டில் ஜானின் முகமும் ஒரு மெரினோக் கிடாவும் வந்தன. 1988-ல் நோட்டை நிறுத்தி நாணயமாக்கினார்கள், துரையும் கிடாவும் ஒன்றாக வெளியேறினார்கள். 1990-ல் பழைய கேம்டன் பண்ணை நிலத்தில், மெனாங்கிளில், மாநில அரசு ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் திறந்து எலிசபெத் மெக்கார்தர் பெயரை வைத்தது. பழைய மந்தையின் சந்ததி அங்கே பராமரிப்பில் இருக்கிறது. கால்நடை நோய் ஆய்வுக்கூடமும் அங்கேதான். நியூ சவுத் வேல்ஸில் ஆட்டுக்கு இன்னதென்று தெரியாத சீக்கு வந்தால், ரத்த மாதிரியை இப்போதும் துரைசானி விலாசத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.